பக்கவாதமும் கொழுப்பும்: ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என்று வீடு வீடாகப் போய், பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பயிற்சி முடிந்து செருப்பை மாட்டும் நேரத்தில்தான் வீட்டில் யாராவது ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை உருவி எடுத்து, "இதக் கொஞ்சம் பாருங்க மேடம்" என்பார்கள். மாத்திரை எழுதித் தருவது என் வேலை இல்லை. ஆனால் வாசற்படியில் வரும் சந்தேகங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

ஸ்ட்ரோக்குன்னா ஹார்ட் அட்டாக்தானே மேடம்? ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ஹார்ட் அட்டாக் இதயத்தில் வருவது, ஸ்ட்ரோக், அதாவது பக்கவாதம், மூளையில் வருவது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளலாம், அல்லது வெடித்துக் கசியலாம். நூறு பேருக்கு ஸ்ட்ரோக் வந்தால் ஏறக்குறைய எண்பது பேருக்கு அடைப்பு, மற்றவர்களுக்குக் கசிவு. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே கொழுப்பு மாத்திரை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

பொம்பளைங்களுக்கு இதெல்லாம் அவ்வளவா வராதுன்னு சொல்றாங்களே?

நாற்பது, ஐம்பது வயதில் ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்பது உண்மை. ஆனால் பெண்கள் அதிக நாள் வாழ்கிறார்கள், வயது ஏற ஏற ஸ்ட்ரோக் அபாயமும் ஏறுகிறது. அதனால் பெண்ணுக்கு வரும்போது பெரும்பாலும் ஆணைவிடச் சில வருடங்கள் தள்ளி வருகிறது. அந்த நேரத்தில் முட்டி வலி, சுகர், பிரஷர் எல்லாம் ஏற்கெனவே உடம்பில் குடியேறியிருக்கும். தாமதமாக வருவதையே வராது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கம்மாவுக்கு வாய் கோணல, கை விழல. தலை சுத்துது, அசதியா இருக்குன்னு மட்டும்தான் சொன்னாங்க. அது எப்படி ஸ்ட்ரோக் ஆகும்?

ஆகும். வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, பேச்சு குழறுவது, இவை ஆண் பெண் இருவருக்குமே முக்கியமான அறிகுறிகள். ஆனால் அவற்றோடு சேர்ந்தோ, சில சமயம் அவை தெளிவாகத் தெரியாமலோ, திடீர்க் குழப்பம், உடம்பு முழுக்கத் தளர்ச்சி, தலைவலி, வாந்தி என்று வருவது பெண்களிடம் கொஞ்சம் அதிகம். "வெயில்ல நின்னுருப்பா", "சாப்பிடாம விட்டிருப்பா" என்று வீட்டில் ஒரு சோடாவைக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறோம்.

தண்டையார்பேட்டையில் ஒரு ஆயா. காலையில் இட்லிக் குண்டானைத் திறந்தவர், எதற்குத் திறந்தோம் என்றே தெரியாமல் நின்றிருக்கிறார். மருமகளைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். வயசாயிடுச்சு என்று விட்டுவிட்டார்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்தான் ஆயாவின் புடவைத் தலைப்பு இடது தோளிலிருந்து சரிந்து கிடப்பதையும், அவர் அதை எடுத்துப் போடாமல் இருப்பதையும் கவனித்தார். இடது கை வேலை செய்யவில்லை. பத்து மணி நேரம் போயிருந்தது. எந்தக் குழப்பமானாலும் "திடீர்" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மெல்ல மெல்ல வருவது வேறு, காலை எட்டு மணிக்குச் சட்டென்று வருவது வேறு.

எவ்ளோ நேரத்துக்குள்ள போகணும்? எங்க போகணும்?

அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு முன்னால் போகிறோமோ அவ்வளவு நல்லது. பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பி விட்டு அடைப்பை எடுக்கும் சிகிச்சை உண்டு. பொதுவாக ஆறு மணி நேரத்துக்குள், ஸ்கேனில் மூளை இன்னும் பிழைக்கும் என்று தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட.

108க்குப் போன் போடுங்கள். தெருமுனை கிளினிக்கில் காத்திருக்காமல் சி.டி. ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள். நம் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி, கொஞ்சம் தாண்டினால் சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே ஜி.எச். என்கிற அரசுப் பொது ஆஸ்பத்திரி. டாக்டர் முதலில் கேட்பது "கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?" என்பதுதான். அந்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வழியில் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வேண்டாம். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். அடைப்பா கசிவா என்று தெரியாமல் ரத்தம் இளக்கும் மாத்திரை கொடுப்பதும் ஆபத்து.

ரிப்போர்ட்ல மொத்தக் கொலஸ்ட்ரால் 210ன்னு இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கும் அதே 210. அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நிலைமைதானே?

அந்த ஒரு எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கீழே பாருங்கள், எல்.டி.எல்., எச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு என்று தனித்தனியாக இருக்கும். எல்.டி.எல். குழாய்ச் சுவரில் படிவது, அதைத்தான் கெட்ட கொழுப்பு என்கிறோம். எச்.டி.எல். நல்ல கொழுப்பு. இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கோடு வேறு வேறு. ஆணுக்கு 40க்குக் கீழே போனால் குறைவு, பெண்ணுக்கு 50க்குக் கீழேயே குறைவு. ஆக 44 என்று இருந்தால் உங்கள் வீட்டுக்காரருக்குப் பரவாயில்லை, உங்களுக்குக் குறைவு. சில லேப் ரிப்போர்ட்டில் இருவருக்கும் ஒரே அளவை அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து நார்மல் என்று பெண்கள் நிம்மதியாகப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ட்ரைகிளிசரைடு ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பு. அது 400க்கு மேல் இருந்தால், கணக்குப் போட்டு எழுதும் எல்.டி.எல். எண்ணை நம்ப முடியாது. நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். அப்புறம், ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த சில நாட்களில் கொலஸ்ட்ரால் தானாகவே இறங்கும். உடம்பு அடிபட்டதன் விளைவு அது. முதல் நாளே எடுத்த ரிப்போர்ட் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

பீரியட்ஸ் நிக்கற வரைக்கும் எல்லாம் நார்மல். நின்னதும் ஏன் ஏறுச்சு? நான் சாப்பாட்ட மாத்தவே இல்லையே?

சாப்பாடு மாறவில்லை, உள்ளே இருந்த காவல் போய்விட்டது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் நன்றாகச் சுரக்கும் வரை கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை நன்றாக இழுத்துக்கொள்ளும். மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் அந்த வேகம் குறைகிறது. எல்.டி.எல். பத்து, பதினைந்து சதவீதம்போல ஏறுவது சகஜம். அதனால்தான் இளவயதில் ஆண்களைவிடக் குறைவாக இருந்த பெண்களின் கொலஸ்ட்ரால் ஐம்பதுகளில் ஆண்களைத் தாண்டிவிடுகிறது. முப்பத்தெட்டு வயதில் எடுத்த நல்ல ரிப்போர்ட்டை ஐம்பத்தைந்தில் காட்டிப் பயனில்லை.

அப்படியென்றால் ஹார்மோன் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்தார்கள். ஹார்மோன் கொடுத்த பெண்களுக்கு ஸ்ட்ரோக் கூடியது. 2002ல் அந்தச் சோதனையின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். ஸ்ட்ரோக்கைத் தடுப்பதற்காக அந்த மாத்திரை வேண்டாம். இன்னொன்று: பெண்களுக்குக் கொலஸ்ட்ரால் ஏறினால் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் எல்.டி.எல். ஏறும். ஒல்லியாக இருப்பவருக்கும்தான்.

எங்க வீட்டுக்காரரு மூணு மாசத்துல டீக்கடைக்கு நடந்து போயிட்டாரு. எங்க நாத்தனாருக்கு ஒரு வருஷமாச்சு, இன்னும் சுவரப் புடிச்சுதான் நடக்கறா. பொம்பள உடம்பு வீக்கா மேடம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் எண்ணிப் பார்த்ததில், ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அன்றாட வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலைக்கு வருவது பெண்களில் குறைவுதான். காரணத்தைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பங்கு இப்படிப் போகிறது: பெண்ணுக்கு வரும்போது வயது அதிகம். துடிப்பு தாறுமாறாகும் இதயக் கோளாறு இருந்து, அங்கிருந்து ரத்தக்கட்டி மூளைக்குப் போவது பெண்களில் அதிகம், அந்த வகை ஸ்ட்ரோக் கடுமையானது. வருவதற்கு முன்பே முட்டி தேய்ந்து பாதி நடைதான் இருந்திருக்கும். தனியாக, அல்லது கணவரை இழந்து வாழ்பவர்கள் அதிகம். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளி நன்றாகச் சுருங்குகிறது, ஆனால் முழுதாக மறைவதில்லை.

மிச்சத்துக்கு என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரருக்கு நீங்கள் இருந்தீர்கள். காலை ஏழு மணிக்கு எழுப்பி, பந்தைக் கையில் திணித்து, "இன்னும் பத்து" என்று எண்ணினீர்கள். உங்கள் நாத்தனாரை யார் எண்ணினார்கள்? ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி. நான் போகும் நேரம் தண்ணீர் வரும் நேரமாக இருந்தால், "நாளைக்கு வாங்க மேடம்" என்று அவரே அனுப்பிவிடுவார். ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். ஆறு வாரத்தில் செய்ய வேண்டிய பயிற்சியில் பாதிதான் செய்தார். டீக்கடை வரை நடந்தால் ஆணை "தேறிட்டாரு" என்கிறோம். பெண் குடத்தைத் தூக்கும் வரை அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. அளவுகோலே வேறு. அதே அளவு பயிற்சி கிடைத்த பெண்கள் நன்றாகவே முன்னேறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கொலஸ்ட்ரால் அதிகமா இருக்கறவங்க ஸ்ட்ரோக்லேர்ந்து சீக்கிரம் தேறிடுவாங்கன்னு மச்சான் போன்ல படிச்சானாம். அப்ப மாத்திரை எதுக்கு?

மச்சான் படித்தது முழுப் பொய் இல்லை. ஆஸ்பத்திரியில் சேரும்போது கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தவர்களுக்கு ஸ்ட்ரோக் லேசாகவும், தேறுவது சற்று நன்றாகவும் இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அதிகக் கொலஸ்ட்ரால்தான் தேற்றியது என்று அதற்கு அர்த்தம் இல்லை. முன் பதிலில் சொன்ன, இதயத்திலிருந்து ரத்தக்கட்டி போகும் வகையில் பாதிப்பு பெரிது. அவர்களுக்குக் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் அவ்வளவு அதிகம் இருப்பதில்லை. சின்னக் குழாய் அடைப்பு வந்தவர்களுக்குக் கொலஸ்ட்ரால் அதிகம், பாதிப்பு சிறிது. சாப்பாடு இறங்காமல் மெலிந்த வயதானவர்களுக்கும் கொலஸ்ட்ரால் குறைவாகத்தான் இருக்கும், தேறுவதும் கடினம். அந்த மெலிந்தவர்களில் பாட்டிகள் அதிகம். ஆளுக்கு ஆள் ஸ்ட்ரோக்கின் வகையே வேறு என்னும்போது கொலஸ்ட்ராலுக்குப் பேர் போகிறது, அவ்வளவுதான். அடுத்த ஸ்ட்ரோக்கைத் தடுக்க எல்.டி.எல். இறங்கியே ஆக வேண்டும். கொழுப்பு படிந்து அடைப்பு வந்தவர்களுக்கு 70க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள், ஆண் பெண் இருவருக்குமே.

கொழுப்பு மாத்திரை போட்டா கால் குடையுது. நிறுத்திடட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பதில் பெண்களே அதிகம், நிறுத்துவதிலும் பெண்களே அதிகம். இந்தக் கொழுப்பு மாத்திரைகளுக்கு ஸ்டாட்டின் என்று பெயர். அவற்றின் 23 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2022ல் வெளியிட்டார்கள். அதில் போலி மாத்திரையோடு ஒப்பிட்ட 19 சோதனைகளில், உண்மையான மாத்திரை சாப்பிட்டவர்களில் 27.1 சதவீதம் பேர் தசை வலி என்றார்கள். வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6 சதவீதம். ஆக, பெரும்பாலான வலிக்குக் காரணம் வேறு. மாத்திரையால் வரும் வலியும் சிலருக்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு தொடையும் ஒரே மாதிரி வலித்தால், சிறுநீர் கறுத்துப் போனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை செய்து அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரைக்கு மாற்றுவார். ஸ்ட்ரோக் வந்த பக்கத்துக் கால் மட்டும் இறுக்கமாக வலித்தால் அது பெரும்பாலும் என் வேலை, மாத்திரையின் வேலை இல்லை.

பெண்களுக்கு இந்த மாத்திரை அவ்வளவாகப் பலன் தராது என்ற பேச்சும் உண்டு. ஒரே அளவு அபாயம் உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் கிடைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்க நைனாவுக்கு ரத்தக்கசிவு ஸ்ட்ரோக். அவருக்கும் அதே கொழுப்பு மாத்திரையா?

இது நல்ல கேள்வி, டாக்டர்களே யோசித்துப் பதில் சொல்லும் கேள்வி. 2006ல் வெளிவந்த ஒரு பெரிய சோதனையில் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையை 80 மில்லிகிராம் கொடுத்தபோது மொத்த ஸ்ட்ரோக் குறைந்தது, ஆனால் கசிவு வகை மட்டும் சற்றுக் கூடியது. யாருக்குக் கூடியது என்று பிரித்துப் பார்த்தால் ஆண்கள், வயதானவர்கள், ஏற்கெனவே கசிவு வந்தவர்கள். பெண்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய 28,000 பெண்களைச் சராசரியாக 19 வருடம் கவனித்ததில், எல்.டி.எல். 70க்குக் கீழே இருந்தவர்களுக்குக் கசிவு ஸ்ட்ரோக், 100 முதல் 130 வரை இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். ஆனால் அது மாத்திரை கொடுத்துச் செய்த சோதனை இல்லை. கசிவு ஸ்ட்ரோக் வந்தவர்கள் மொத்தத்தில் மிகக் குறைவு.

எனவே கசிவு வந்த நைனாவுக்கு மாத்திரை வேண்டுமா என்பதை அவருடைய இதயம், சுகர் எல்லாம் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். அடைப்பு வந்தவர் இந்தப் பதிலைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் என் எழுத்து வீண். கசிவுக்கு முதல் எதிரி பிரஷர்.

காசிமேட்டுல இருந்துட்டு எறாவும் மீனும் சாப்பிடக் கூடாதுன்னா எப்படி?

யார் சொன்னது? மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். எறாவில் கொலஸ்ட்ரால் அதிகம்தான், ஆனால் ரத்தத்தில் எல்.டி.எல்.லை அதிகம் ஏற்றுவது நாம் சாப்பிடும் உறைகொழுப்பு (saturated fat). அது எறாவில் குறைவு. எனக்குப் பயம் எறாவைப் பொரிக்கும் எண்ணெயில். பாமாயிலில் பாதிக்குக் கிட்டத்தட்ட அந்த வகைக் கொழுப்புதான். நேற்றைய எண்ணெயில் இன்றைய வஞ்சிரம் என்றால் இன்னும் மோசம். குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். கருவாட்டைக் கொலஸ்ட்ராலுக்காக விட வேண்டியதில்லை, உப்புக்காக விட வேண்டும். பிரஷர் ஏறும்.

புறா ரத்தம் தடவுனா கை வந்துடும்னு பெரியவங்க சொல்றாங்க. பண்ணலாமா?

வேண்டாம். நம் ஏரியாவில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி புறாக் கூண்டு இருப்பதால் இந்த வைத்தியம் சுலபமாகக் கிடைக்கிறது. பாதிப்பு மூளையில், தோலில் தடவும் ரத்தம் அங்கே போகாது. ரத்தம் தடவிய வீடுகளில் கை வந்ததாகச் சொன்னால், அந்த மாதங்களில் கை தானாகவும் வரும் காலம் அது. அடுத்த பதிலைப் பாருங்கள்.

ஆறு மாசம் தாண்டிட்டா அவ்ளோதானா?

முதல் மூன்று மாதம் வேகமாக முன்னேறும், ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும், பிறகு மெதுவாகும். நின்றுவிடாது. இரண்டாவது வருடத்தில் மடங்கியிருந்த விரல் விரிந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் தொடக்கத்தில் விட்ட வாரங்களைப் பிறகு அப்படியே மீட்க முடியாது. வீட்டுக்கே பிசியோ வேண்டும் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு இயன்முறைப் பயிற்சியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தூக்கி உட்கார வைக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு இறங்கிவிடும். அப்புறம் அந்த வலியிலேயே பயிற்சி நின்றுபோகும்.

காரணமே இல்லாம அழுதுட்டே இருக்காங்க. எங்கம்மா இப்படி இல்லியே?

இரண்டு வகை இருக்கிறது. சிலருக்கு மூளையில் பட்ட அடியால் அழுகையும் சிரிப்பும் கட்டுப்பாடில்லாமல் வரும், அரை நிமிடத்தில் நிற்கும். இன்னொன்று மனச்சோர்வு. சாப்பிட மாட்டார், தூங்க மாட்டார், "நான் எதுக்கு இருக்கணும்" என்பார். ஸ்ட்ரோக் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு எப்போதாவது இது வருகிறது, பெண்களுக்கு அதிகம். இதற்கு மருந்து உண்டு. "தைரியமா இரும்மா" என்று சொல்வது மருந்து இல்லை.

எங்க அண்ணன் பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசு, கொழந்த பொறந்து பதினஞ்சு நாள்ல ஸ்ட்ரோக் வந்துடுச்சு. அவளுக்குக் கொலஸ்ட்ராலா?

பெரும்பாலும் கொலஸ்ட்ராலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரசவத்தை ஒட்டி ரத்தம் கட்டியாகும் தன்மை கூடுகிறது. மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுவரும் சிரைகளில் கட்டி உண்டாகலாம். தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, பார்வை மங்கல் என்று தொடங்கும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும் என்று சொல்லி அளந்து கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அது இதை மோசமாக்கும். தண்ணீர் கொடுங்கள். இவர்களில் பெரும்பாலானவர்கள் சீக்கிரம் சிகிச்சை கிடைத்தால் மிக நன்றாகத் தேறுகிறார்கள். கர்ப்பத்தில் பிரஷர் ஏறியவர்கள் பிற்காலத்திலும் வருடத்துக்கு ஒருமுறையாவது பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டும். கருத்தடை மாத்திரை தொடங்கும்போதும் இதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஸ்ட்ரோக் வந்த எங்கம்மாவுக்கு உக்காந்தே இருந்தா பைத்தியம் புடிக்குதாம். சமையல் வேலை பண்ண விடலாமா?

விடலாம், ஆனால் பயிற்சிக்குப் பதிலாக இல்லை, பயிற்சிக்குப் பிறகு. முதலில் விழுந்த கையால் செய்யும் வேலையை மட்டும் கொடுங்கள். நல்ல கையால் எல்லாவற்றையும் முடித்துவிட்டால் விழுந்த கை கற்றுக்கொள்ளாது. காசிமேட்டில் ஒரு அக்கா, வலது கை விழுந்தவர், பந்தையும் கிளிப்பையும் கொடுத்தால் முகம் சுளிப்பார். ஒருநாள் நெத்திலி அரைக் கிலோவைத் தட்டில் கொட்டி முன்னால் வைத்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தலையைக் கிள்ளி எறிய வேண்டும். முதல் நாள் பத்து மீனுக்கு இருபது நிமிடம், அதில் பாதி நசுங்கிப்போனது. மூன்றாவது வாரம் தட்டு காலியானது, பூனை இரண்டு கூடியது. அடுப்பும் அரிவாள்மனையும் மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. சூடு, கூர் இரண்டும் அந்த விரலில் உறைக்கிறதா என்று கண்ணை மூடச் சொல்லிச் சோதித்த பிறகுதான் தருவேன்.